இரண்டு முறை மறுக்கப்பட்ட அடுப்பு

“நீதான் வேணாம்னு சொன்ன!”

“ரெண்டே ரெண்டு தடவதான்யா சொன்னேன்…”

“ரெண்டு தடவ சொன்னது பத்தாதா மாப்ளே? என்ன, பத்திரத்துல எழுதித் தரணுமா…”

“எந்த ஊர்ல பொறந்து வளந்த ஆளு மச்சான் நீ? மூணாவது தடவ நீயில்ல கேட்டிருக்கணும்!”

“கேக்கத்தான் வாயத் தொறந்தேன். போன் அடிச்சிருச்சு…”

“போன வச்சதுக்கப்புறம் கேக்கறதுக்கு என்ன? நாக்கு உள்ள போயிருச்சா?”

“ரெண்டு பேரும் கத்தாதீங்க. ஏரி முழுக்கக் கேக்குது,” என்று வண்டிக்குள் இருந்தபடியே மார்லிஸ் சொன்னாள்.

கத்தல் என்றதும் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மினசோட்டாவில், அதிலும் எங்கள் பக்கத்தில், ஒரு மனிதன் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்துப் பேசினால் அதற்குப் பெயர் கத்தல். கைத்தடியோடு வண்டியில் சாய்ந்து நின்ற தன் மச்சான் கேலனிடம் பேசும்போது, ஹார்லன் ஸ்லெட்டன் அன்றைக்கு இரண்டு கைகளையும் வெளியே எடுத்துவிட்டான்.

அவன் எதிரே திறந்து கிடந்தது, புதிதாக வாங்கிய மீன்குடில். எட்டடிக்கு ஆறடி. அடியில் சறுக்குக் கட்டை, தரையில் தூண்டில் விட இரண்டு ஓட்டை. ஏரி உறைந்ததும் வண்டியில் கட்டி இழுத்துப்போய்ப் பனிமேல் நிறுத்திவிட்டால், மார்ச் மாதம் வரைக்கும் ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு ஓர் இடம். மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மூலையில் அடுப்பு இருக்க வேண்டும். இந்தக் குடிலின் மூலையில் அடுப்பு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் மட்டும் இருந்தது. புகைக்குழாய் போன ஓட்டை வழியாகப் பனி பொறுமையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

அடுப்பில்லாத குடில் என்பது பெஞ்சு போட்ட ஐஸ் பெட்டி. அதற்குள் உட்காருவதும் ஒன்றுதான், வீட்டில் உட்காருவதும் ஒன்றுதான். வீட்டில் உட்காரத்தான் ஹார்லனால் முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் கவுன்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் பெரிய வண்டி ஓட்டிவிட்டு அந்த அக்டோபரில்தான் ஓய்வு பெற்றிருந்தான். ஓய்வு பெற்ற ஆறாம் நாள், மனைவி மார்லிஸின் சமையலறையில் இருந்த மசாலா டப்பாக்கள் மூன்றையும் அகர வரிசையில் அடுக்கி வைத்தான். ஏழாம் நாள் மார்லிஸ் தன் அண்ணன் கேலன் ரஸ்டாடுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இடுப்புல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஒன்னால இனிமே ஏரிமேல நடக்க முடியாதுல்ல. அந்தக் குடில இவருக்குக் குடுத்துடு. இந்தக் குளிர்காலத்த நான் உசுரோட தாண்டணும்.”

அப்படித்தான் கேலனுடைய சாப்பாட்டு மேசையில் வியாபாரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தரும் தாளின் பின்பக்கம், அன்றைய பாட்டு எண்களுக்குக் கீழே, கேலன் எழுதினான்: “என் மீன்குடில், ஹார்லனின் பனி வாரும் மிஷினுக்குப் பதிலாக. மற்றது வழக்கம்போல.” இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் கேலன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

“அடுப்பையும் எடுத்துக்க மாப்ளே.”

“சேச்சே, வேணாம் மச்சான்.”

“அட, எனக்கு எதுக்கு? எடுத்துக்க.”

“வேணாம்ங்கறேன்ல.”

அப்போதுதான் போன் அடித்தது.

எங்கள் ஊர் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்வோம். அது மரியாதை. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். அது பெற்றவர்கள் வளர்த்த லட்சணம். மூன்றாம் தடவை கேட்டால், “சரி, இவ்வளவு சொல்றீங்க, கொஞ்சமா” என்று சொல்லி, முதலிலிருந்தே கண் வைத்திருந்த பெரிய துண்டை எடுத்துக்கொள்வோம். நூற்றைம்பது வருஷமாக நாங்கள் காப்பி குடித்ததும் கல்யாணம் செய்ததும் நிலம் விற்றதும் இப்படித்தான். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று ஒரு பாதிரியார் ஒருமுறை முன்வந்தார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இரண்டு தடவை சொன்னோம். அவர் வெளியூர்க்காரர். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

ஏரிமேல் கைகளை வெளியே எடுத்துப் பேசிய மறுநாள், ஹார்லன் கவுன்டி அலுவலகத்துக்குப் போனான். வழக்குப் போட அல்ல. சமரச மன்றத்து எழுத்தர் ட்வேன் ஓப்சால், மார்லிஸோடு பள்ளியில் படித்தவன். அவனிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான்.

“படிவம் தரட்டுமா?” என்றான் ட்வேன்.

“அய்யய்யோ, வேணாம். ஒனக்கு எதுக்குச் சிரமம்.”

“சிரமம் என்ன, இந்தா மேசமேலயே இருக்கு.”

“வேணாம்ப்பா. பொண்டாட்டியோட அண்ணன் மேலயே கேஸ் போட்டா நல்லாவா இருக்கும்?”

“பேனாவும் இருக்கு.”

“சரி, இவ்ளோ சொல்ற,” என்றான் ஹார்லன்.

வழக்கு பிறந்துவிட்டது.

பழைய நடுவர் இருந்தவரை இதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை. அவர் இரண்டு தரப்பையும் தன் வண்டியில் ஏற்றி, சூடாக்கியை அணைத்துவிட்டு, சமாதானம் ஆகும்வரை வெளியே நின்று பைப்பில் புகை பிடிப்பார். ஜனவரியில் எந்த வழக்கும் இருபது நிமிஷத்துக்கு மேல் நீடித்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற இடத்துக்குத்தான் கிழக்கே கனெக்டிகட் மாநிலத்திலிருந்து நடுவர் ப்ரிசில்லா தோர்ன்டைக் வந்திருந்தார். கூடவே மூன்று பெட்டி விதிமுறைகளும் வந்திருந்தன.

“இந்த மன்றம் எளிய மக்களுக்காக, எளிய முறையில் இயங்குவது,” என்று முதல் நாள் அவர் தொடங்கினார். “எளிமை என்றால் என்ன என்பது ஐந்தாம் பின்னிணைப்பில் பதினொரு பக்கங்களில் விளக்கப்பட்டுள்ளது. திரு. ஸ்லெட்டன், ‘மற்றது வழக்கம்போல’ என்று இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த வழக்கம்?”

“அதாங்க… வழக்கம்.”

“அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?”

“எழுதிட்டா அப்புறம் அது வழக்கம் இல்லீங்களேம்மா.”

நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். அவர் எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்வார். அவர் குறித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் ஹார்லனுக்குத் தன் பேரில் ஏதோ தப்பு இருப்பதாகத் தோன்றி, வந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அதையும் அவர் குறித்துக்கொண்டார். வாதி மன்னிப்புக் கேட்கிறார்.

அடுத்து கேலன்.

“திரு. ரஸ்டாட், அடுப்பை எடுத்துக்கொள்ளும்படி இரண்டு முறை சொன்னீர்கள். அதைத் தரும் எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே இருந்ததா?”

“மரியாதைக்குச் சொல்றதுதானுங்க.”

“நான் கேட்டது எண்ணத்தைப் பற்றி.”

கேலன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். “எண்ணெய் பீப்பாய வெட்டி நானே ஒட்டுனதுங்க. என்கிட்ட இருக்கற சாமான்லயே அது ஒண்ணுதான் ஒழுங்கா வேல செய்யும். என் இடுப்பையும் சேத்துத்தான் சொல்றேன்.”

“அப்படியானால் மூன்றாவது முறை கேட்டிருக்கவே மாட்டீர்களா?”

“கேட்டுத்தானம்மா ஆகணும். நாளைக்கு நாலு பேரு மொகத்துல எப்படி முழிக்கறது? நல்ல வேளயா போன் அடிச்சிச்சு.”

“அடித்திருக்காவிட்டால்?”

“அடிக்கும்னு ஒரு நம்பிக்க இருந்துச்சுங்க.”

“பாத்தீங்களாம்மா!” என்று ஹார்லன் எழுந்துவிட்டான்.

“அமருங்கள். அந்த அழைப்பைச் செய்தது யார்?”

 பின்வரிசையில் பின்னிக்கொண்டிருந்த மார்லிஸ் ஊசியை நிறுத்தினாள்.

“சாப்பாடு ஆறுதுன்னு சொல்லத்தான் கூப்ட்டேன்,” என்றாள்.

அந்த நிமிஷத்திலிருந்து மார்லிஸ் ஸ்லெட்டன் ‘ஒப்பந்த உருவாக்கத்தில் குறுக்கிட்ட மூன்றாம் தரப்பு’ ஆனாள். அவளுக்குத் தனிப் படிவம், தனி நாற்காலி, தனி எச்சரிக்கை. அன்றைக்கு என்ன சாப்பாடு என்று நடுவர் கேட்டார். மாட்டுக்கறியும் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிய ஹாட்டிஷ் என்றாள். அது ஆற எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? எங்க வீட்ல அத ஆற விட்டதே இல்லீங்களே.”

“அப்படியானால் அழைப்பின் அவசரம் நிரூபிக்கப்படவில்லை. அடுத்த அமர்வுக்கு அதே உணவை அதே பாத்திரத்தில் கொண்டுவரவும்.”

கொண்டுபோனாள். அது சான்றுப்பொருள் ‘ஈ’ என்று பதிவானது. நடுவரும் இரண்டு காவலர்களும் ட்வேனும் அதை ஓர் அறையில் வைத்து நாற்பது நிமிஷம் பரிசோதித்தார்கள். பாத்திரம் மட்டும் திரும்பி வந்தது, கழுவாமல்.

“போச்சா?” என்றான் ஹார்லன், வண்டியில் ஏறும்போது.

“பேசாதீங்க. நான் மூணாம் தரப்பு. ஒங்ககூடப் பேசக் கூடாதுன்னு அந்தப் படிவத்துல எட்டாம் பக்கத்துல போட்டிருக்கு.”

“வீட்லயும் கூடவா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்டாம் பக்கம் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

பிப்ரவரியில் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒரு நிபுணரைக் கூப்பிடுவது என்று மன்றம் தீர்மானித்தது. ஊரில் அதற்கு ஒரே ஆள்தான். ஆர்டிஸ் யெல்லி, தேவாலயத்துக் காப்பிக் குழுவின் தலைவி, இருபத்தேழு வருஷம். அவர் நீட்டிய காப்பியை யார் யார் எத்தனை தடவை மறுத்தார்கள் என்று அவருக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும். நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பையை மடியோடு அணைத்தபடி வந்தார்.

“சாட்சிக் கூண்டில் அமருங்கள்,” என்றார் நடுவர்.

“பரவால்லீங்க, நிக்கறேன்.”

“நாற்காலி உங்களுக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது.”

“வேற யாராச்சும் உக்காரட்டும்.”

நடுவர் ட்வேனிடம் திரும்பினார். “சாட்சி அமர மறுக்கிறார். குறித்துக்கொள்ளுங்கள். திருமதி யெல்லி, உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி எடுக்கிறீர்களா?”

“அய்யோ, என்னப் போய் அவ்ளோ பெரிசா…”

“எடுக்கிறீர்களா இல்லையா?”

“என்னவிட நல்லாச் சொல்றவங்க இருப்பாங்கம்மா.”

ட்வேன் மேசைக்கு அடியில் காலால் தரையைத் தட்டினான். உதட்டை அசைக்காமலே, “இன்னொருக்கா கேளுங்க மேடம், இன்னும் ஒரே ஒருக்கா,” என்றான்.

“எழுத்தர் சாட்சிக்காகப் பரிந்து பேசக் கூடாது,” என்றார் நடுவர். “சாட்சி அமர மறுத்தார். உறுதிமொழி எடுக்கவும் இரண்டு முறை மறுத்தார். மன்றத்தோடு ஒத்துழைக்காத சாட்சி என்று விடுவிக்கிறேன்.”

ஆர்டிஸ் யெல்லி அப்படியே நின்றார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் யாரும் மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவர் சொல்லத் தயாரித்து வந்த நான்கு பக்கம் கைப்பைக்குள்ளேயே வீட்டுக்குத் திரும்பிப் போனது. அழவில்லை. எங்கள் ஊரில் அதற்கும் யாராவது மூன்று தடவை சொல்ல வேண்டும்.

இது நடந்த பிறகுதான் நடுவர் தோர்ன்டைக் அந்த இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தார். “இந்த வட்டாரத்தில் மறுப்பு என்பது எதைக் குறிக்கிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் இல்லை என்று பொருள் கொள்வதே நாகரிக உலகின் நடைமுறை. இறுதித் தீர்ப்பு வரும்வரை, ஒரு மறுப்பே போதுமானது, அதுவே இறுதியானது. மேலும், சர்ச்சைக்குரிய குடிலைச் சான்றுப்பொருள் ‘அ’ என்று முத்திரையிட்டு, இருக்கும் இடத்திலேயே இருத்தி வைக்க உத்தரவிடுகிறேன்.”

“அப்ப நான் எங்கம்மா உக்காருவேன்?” என்றான் ஹார்லன்.

“அது இந்த மன்றத்தின் முன் கேட்கப்படவில்லை. அதற்குத் தனிப் படிவம்.”

உத்தரவு இந்த ஒரு வழக்குக்கு மட்டும்தான் என்று ஒரு கனெக்டிகட்காரருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு யார் சொல்வது? கவுன்டி முத்திரையோடு ஒரு தாள் அறிவிப்புப் பலகையில் இருந்தால் நாங்கள் கீழ்ப்படிந்துவிடுவோம். பலகையில் நாய் காணோம் என்று எழுதியிருந்தால் கூட இரண்டு பேர் அதற்கும் கீழ்ப்படிவார்கள்.

அந்த வார விருந்து தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் நடந்தது. நூற்றெண்பது பேர். பன்றித் தொடைக்கறி, லெஃப்சே என்ற உருளைக்கிழங்கு ரொட்டி, பழம் வைத்துச் சுட்ட பை ஏழு வகை. ஆர்டிஸ் யெல்லி முதல் தட்டை எடுத்துக்கொண்டு முதல் மேசைக்குப் போனார்.

“கறி?”

“வேணாம், பரவால்ல,” என்றார் பாதிரியார், பழக்கத்தில்.

ஆர்டிஸ் தட்டை நகர்த்திக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். பாதிரியாரின் முள்கரண்டி காற்றிலேயே நின்றது. அடுத்தவரும் அதற்கடுத்தவரும் வேண்டாம் என்றார்கள். வாயிலிருந்து வந்துவிடுகிறது, என்ன செய்வது? அறுபது வருஷத்து நாக்கு அது. ஹார்லன் தன் முறை வருவதற்குள் மனசுக்குள் ‘சரி, சரி, சரி’ என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். ஆப்பிள் பை வந்தது. ஓரம் பொன்னிறம், உள்ளே இலவங்கப்பட்டை வாசனை.

“பை, ஹார்லன்?”

“வேணாங்க,” என்றது அவன் வாய்.

பை போய்விட்டது. எதிர்வரிசையில் கேலனும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தான். இருவர் கண்ணும் ஒரு தடவை சந்தித்தன. அடுப்பைப் பற்றித் தரப்பினர் பேசிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. அடுப்பைத் தவிரப் பேச அந்த வருஷம் அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. நூற்றெண்பது பேரும் பசியோடு ஒருவரையொருவர் பார்த்து, அருமையான விருந்து என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மார்ச் பிறந்தது. மிச்சமிருந்த குளிர்காலம் முழுக்க ஹார்லன் கரையில் நின்று தன் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முத்திரைத் தாள் காற்றில் படபடக்கும். மற்றவர்கள் குடில்களில் புகை வரும், சிரிப்புச் சத்தம் வரும். அவன் வீட்டுக்குப் போய் மார்லிஸின் பொத்தான் டப்பாவை அளவுவாரியாகப் பிரிப்பான்.

“இன்னும் ஒரு டப்பாவத் தொட்டீங்கன்னா,” என்று ஒருநாள் மார்லிஸ் எட்டாம் பக்கத்தையும் மறந்து வாயைத் திறந்தாள், “ஒங்களையும் சான்றுப்பொருளாக் கொண்டுபோய் அந்தம்மாகிட்ட விட்டுட்டு வந்துருவேன்.”

மூன்றாம் வாரம் இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று மீன்வளத்துறையிலிருந்து. பனி இளகுவதால் திங்கட்கிழமைக்குள் எல்லாக் குடில்களையும் ஏரியிலிருந்து அகற்ற வேண்டும், தவறினால் தண்டம். இன்னொன்று மன்றத்திலிருந்து. சான்றுப்பொருள் ‘அ’வை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் அவமதிப்பு, சிறை. ஹார்லன் ட்வேனுக்குப் போன் செய்தான்.

“எடுத்தா உள்ள போவேன். எடுக்கலன்னா தண்டம். நான் என்னதான்டா பண்ணட்டும்?”

“மேடம்கிட்ட கேட்டேன். சான்றுப்பொருள மன்றத்துக்குக் கொண்டுவர முடியாது, நகர்த்தவும் கூடாது. அதனால மன்றம் சான்றுப்பொருள்கிட்ட போகும்னாங்க. திங்கக்கெழம காலைல தீர்ப்பு. அங்கயே.”

“ஏரிமேலயா? பனி சொதசொதன்னு கெடக்கு. நீ சொல்லலயா?”

“சொன்னேனே. ‘ஏரி இந்த வழக்கில் ஒரு தரப்பினர் அல்ல’ன்னுட்டாங்க.”

திங்கட்கிழமை வெயில் அடித்தது. அதுதான் கெட்ட செய்தி. குடில் கரையிலிருந்து முப்பது அடி. அடியில் தண்ணீர் இடுப்பளவு. முங்கிச் சாகிற ஆழமில்லை, மானம் போகிற ஆழம்தான். ஊரே கரையில் நின்றது. கேலன் தன் வண்டியில் சான்றுப்பொருள் ‘ஆ’வை, அதாவது அடுப்பை, கொண்டுவந்திருந்தான். கொண்டுவரச் சொன்னார்களே தவிர, பற்ற வைக்கக் கூடாது என்று உத்தரவில் இல்லை. வண்டியின் பின்புறத்திலேயே விறகு போட்டுப் பற்ற வைத்திருந்தான். ஹார்லன் ஓர் அலுமினிய ஏணியோடு வந்து, கொஞ்சம் தள்ளி, ஆனால் சூடு படுகிற தூரத்தில் நின்றான்.

நடுவர் தோர்ன்டைக் கெண்டைக்கால்வரை ரப்பர் காலணி போட்டு, தோல்பையோடு, நேராகக் குடிலுக்கு நடந்தார். முத்திரையைக் கிழித்தார். உள்ளே போய் மூலையிலிருந்த கறுப்புச் சதுரத்தை அளந்தார். பிறகு வாசலில் நின்று, பத்தொன்பது பக்கத் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினார்.

“இந்த மன்றம் நீண்ட சிந்தனைக்குப் பின் கண்டடைந்தவை. ஒன்று. ஒருமுறை சொல்லப்பட்ட மறுப்பு முழுமையானது. வயது வந்த ஒருவர் வேண்டாம் என்றால், அவருக்கு வேண்டாம் என்றே நம்பும் அளவுக்கு நாம் அவரை மதிக்க வேண்டும். இரண்டு. மறுக்கப்பட்ட ஒன்றை மறுபடி தர முன்வருவது, மறுத்தவரைத் தொந்தரவு செய்வதாகும். இந்தக் கவுன்டி எல்லைக்குள் இன்றுமுதல் அது மன்ற அவமதிப்பு. எவருக்கும் இதில் விலக்கில்லை. மூன்று. ஆகவே அடுப்பு திரு. ரஸ்டாடுக்கே.”

 ஹார்லனுக்கு அடுப்பு போனது பெரிதாகத் தெரியவில்லை. குடிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் இடது மூலை, மெதுவாக, மரியாதையாக, இறங்கிக்கொண்டிருந்தது.

“நான்கு. குடிலைப் பொறுத்தவரை…”

டொக் என்று ஒரு சத்தம். குடில் அரை அடி கீழே போயிற்று.

“மாப்ளே,” என்றான் கேலன்.

“என்ன.”

“காப்பி?”

ஹார்லனின் வாய் ‘வே’ என்று குவிந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. “குடு,” என்றான். அறுபத்துமூன்று வருஷத்தில், கேட்டதுமே சரி என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. கால்சட்டை போடாமல் தெருவுக்கு வந்ததுபோல் கூச்சமாக இருந்தது. கேலன் குடுவை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். ரொம்பச் சூடு. ஹார்லன் இரண்டு வாய் குடித்தான்.

“நல்லாருக்கா?”

“பரவால்ல.” எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

“குடில் போச்சு மாப்ளே.”

“ம்.”

“அடுப்ப வேணா நீயே எடுத்…”

“ஸ்ஸ்! நான் ஏற்கெனவே ரெண்டு தடவ வேணாம்னுட்டேன். மறுபடியும் கேட்டா ஒன்ன உள்ள போட்டுருவாங்க. பேசாம நில்லு.”

கேலன் பேசாமல் நகர்ந்து நின்று, அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டான். ஹார்லன் வந்து நின்றுகொண்டான்.

“ஐந்து,” என்றார் நடுவர். தரையிலிருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகவும் தண்ணீர் ஏறி அவர் காலணியைத் தொட்டது. ஆறாவது கண்டறிதலின்போது கணுக்கால். ஏழாவதின்போது காலணிக்குள் நுழைந்துவிட்டது என்பது அவர் குரலிலிருந்தே தெரிந்தது. வாசலுக்கு முன்னால் இருந்த பனி உடைந்து, கைகால் முளைத்ததுபோல் தனித்தனியாக மிதக்க ஆரம்பித்தது.

ஹார்லன் காப்பியைக் கேலன் கையில் கொடுத்துவிட்டு ஏணியைத் தூக்கினான். பனிமேல் படுக்க வைத்து, குடில் வாசல்வரை தள்ளினான்.

“அம்மா! ஏணி நீட்டறேன், பிடிச்சுக்கறீங்களா?”

நடுவர் நிமிர்ந்து நின்றார். ஊரே பார்க்கிறது. “வேண்டாம், நன்றி,” என்றார். “நானே வந்துவிடுவேன்.”

ட்வேன் வேலைப் பழக்கத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். “மறுப்பு, ஒன்று.”

நூற்றெண்பது தலைகள் ட்வேன் பக்கம் திரும்பின. பிறகு ஹார்லன் பக்கம் திரும்பின. ஹார்லன் ஏணியைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான். அப்புறம், ஏரியில் ஒரு கீறல்கூட விழாதபடி, ஏணியை மெல்லப் பின்னால் இழுத்துக் கரையில் ஒழுங்காகக் கிடத்தினான். சட்டம் என்றால் சட்டம். அதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆர்டிஸ் யெல்லி கைப்பையைத் திறந்து, எதையோ பார்த்துவிட்டு, மறுபடி மூடினார்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. எட்டாம் பக்கம் நடுவரின் கையிலிருந்து நழுவி, முகம் மேலே தெரிய மிதந்து போயிற்று. மார்லிஸ் அதைக் கண்ணால் பின்தொடர்ந்தாள்.

“திரு. ஸ்லெட்டன்,” என்றார் நடுவர். “சற்றுமுன் நீங்கள் முன்வைத்த ஏணி தொடர்பாக, அதை நீங்கள் மீண்டும் முன்வைக்கும் பட்சத்தில், மன்றம் அதைக் கவனிக்காமல் இருக்கக்கூடும்.”

கேலன் விறகைக் கொஞ்சம் தள்ளிவிட்டான். ஹார்லன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். ட்வேன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். குடில் இன்னும் ஒரு சாண் இறங்கியது. நடுவர் வாசல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கனெக்டிகட் முழுவதும் அவர் குரலிலிருந்து வடிந்து போயிருந்தது.

“ஏம்ப்பா, இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டாத்தான் என்ன?”